திருப்பி அழைக்கும் விதி

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை காலை 10.40 மணிக்கு, காரைக்குடி தேவகோட்டைச் சாலையிலுள்ள பெத்தன் ஏஜென்சீஸ் என்ற மருந்து மொத்த விநியோக நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான்கு நிமிடம் பதினோரு விநாடி நீடித்த அந்த அழைப்பின் முடிவில், உதவி மேசை ஊழியர் யோகலட்சுமி நிர்வாக இயக்குநர் அழகுராஜாவின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, புதியதை அழைத்தவரிடம் சொன்னார். ஓடிபி போய்ச் சேரும் கைபேசி எண்ணையும் அவர் கேட்டபடியே மாற்றிக் கொடுத்தார்.

அழைத்தவர் மதுரையைச் சேர்ந்த பாண்டீஸ்வரன். நிறுவனங்களின் பாதுகாப்பைச் சோதிப்பது அவர் தொழில். அவரை அமர்த்தியவர் பெத்தன் ஏஜென்சீஸின் கணினிப் பாதுகாப்புப் பொறுப்பாளர் சத்தியப்பிரியா. யோகலட்சுமியின் மேசையிலிருந்து இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அவர் அந்த அழைப்பை முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சத்தியப்பிரியா அரியக்குடிக்காரர். பெங்களூரில் பதினோரு ஆண்டுகள் இதே வேலை பார்த்துவிட்டு முந்தைய ஜூலையில் இங்கே சேர்ந்தார். நிறுவனம் நான்கு மாவட்டங்களில் 611 மருந்துக்கடைகளுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. காரைக்குடி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என மூன்று ஊர்களில் சரக்கு வைக்கும் கிட்டங்கிகள். அவர் சேர்ந்த நாளிலேயே கணினி அறையில், வெளியாட்களின் ஊடுருவலைத் தடுக்கும் விலையுயர்ந்த ஃபயர்வால் பெட்டி ஒன்று இருந்தது. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் அதன் காற்றுத் துளைகளில் காய்ந்து போயிருந்தது.

“அதான் பெட்டி வாங்கியாச்சே. பெறகு என்னம்மா பயம்?” என்று அழகுராஜா கேட்டார்.

சத்தியப்பிரியா தன் அறைக்குத் திரும்பினார். உண்மையில் நடந்து முடிந்த தாக்குதல்களின் விசாரணை அறிக்கைகளில் முப்பத்தேழைத் தேடிப் படித்தார். ஒவ்வொன்றிலும் உள்ளே வந்தவன் முதலில் எங்கே கால் வைத்தான், எத்தனை நாள் சும்மா இருந்தான், எதைத் தொட்டான், அதை யார் எப்போது கவனித்திருக்கலாம் என்று வரிசையாக எழுதித் தன் அறைச் சுவரில் ஒட்டினார். பாதிக்கு மேற்பட்டவற்றில் முதல் படி ஒன்றாகவே இருந்தது. யாரோ யாருக்கோ தொலைபேசியில் பேசியிருந்தார்கள். இன்னார் என்று சொல்லி எதையோ கேட்டிருந்தார்கள். கேட்டது கிடைத்திருந்தது. பெட்டிகளுக்கு அதில் எந்த வேலையும் இருக்கவில்லை.

நிறுவனத்துக்குத் தெரிந்த ஒரு நூல் ஆலை அந்த டிசம்பரில் இப்படியொரு தாக்குதலால் பன்னிரண்டு நாள் முடங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அழகுராஜா சோதனைக்குச் சம்மதித்தார். சத்தியப்பிரியா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஏமாந்தவர் யார் என்பது அறிக்கையில் இருக்காது.

“பேரு எனக்கெதுக்கும்மா? ஓட்டை எங்குட்டு இருக்குன்னு சொல்லுங்க, அது போதும்” என்றார் அழகுராஜா.

பாண்டீஸ்வரன் காரைக்குடியில் நான்கு நாள் தங்கினார். முதல் இரண்டு நாள் அவர் கணினியைத் திறக்கவே இல்லை. கொத்தமங்கலத்துக்குத் திரும்பும் முக்கில் ஒரு ஃபிளெக்ஸ் பலகை இருந்தது. அழகுராஜாவின் அக்காள் நாச்சியாரின் பேரனுக்குக் காதுகுத்து. இந்தப் பக்கத்துப் பலகைகளில் எதையும் விட மாட்டார்கள். தாத்தா, அப்பத்தா, தாய்மாமன்கள், அவரவர் ஊர், அவரவர் வேலை, யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது வரை அச்சிட்டு, கீழே இரண்டு தொலைபேசி எண்களும் போட்டிருந்தார்கள். பாண்டீஸ்வரன் அதைப் படம் எடுத்துக்கொண்டார். மீதி எல்லாம் நிறுவனத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் கிடைத்தது. நிறுவனத்தின் இன்னொரு இயக்குநரான நாச்சியாரை ஊழியர்கள் அத்தனை பேரும் பெரியக்கா என்றுதான் சொல்வார்கள். அவர் மருமகன் செம்மலை சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. பிறகு, முத்துவீரன் கதை.

முத்துவீரன் வாசல் காவலர். வருகிறவர்கள் எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது. வேலைக்கு வந்த புதிதில் அவர் நாச்சியாரிடம் பதிவேட்டை நீட்டிவிட்டார். நாச்சியார் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை முத்துவீரன் அந்தப் பதிவேட்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாரும் அதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் உத்தரவு. நின்றார். அடுத்த வாரம் ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். நிறுவனத்தில் 140 பேருக்கும் இது தெரியும்.

பாண்டீஸ்வரன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: இங்கே வீட்டு ஆளை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

காதுகுத்து நாளன்று காலை அவர் அழைத்தார்.

“வணக்கம், கம்ப்யூட்டர் செக்சன்.”

“யோகலட்சுமி அக்காவா? நான் செம்மலை பேசுறேன்க்கா.”

“எந்தச் செம்மலைங்க?”

“அது சரி! பெரியக்கா வீட்டுச் செம்மலைக்கா. சிங்கப்பூரு போயிட்டா ஆள மறந்துருவீகளா?”

“ஐயோ, இல்லய்யா. நல்லா இருக்கீகளா? இன்னைக்குப் பெரியக்கா பேரனுக்குக் காதுகுத்துல்ல?”

“அதான், கொத்தமங்கலத்துல கோயில்ல நிக்கிறோம். மாமா மடியில புள்ளய வச்சுக்கிட்டு உக்காந்துருக்காக. மருந்து லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு பைலு கேக்குறாகளாம், பதினோரு மணிக்குள்ள போகணுமாம். மாமா போனு எங்குட்டோ கெடக்கு. எம் போன்ல அவுக மெயிலத் தெறக்கச் சொன்னாக. நீங்க பாஸ்வேர்ட மாத்தி இந்த நம்பருக்குப் போட்டு விட்டீகன்னா சோலி முடிஞ்சது.”

“மொதலாளி நம்பருக்கு ஒரே ஒரு தடவ அடிச்சுக் கேட்டுக்கிறேன்ய்யா. தப்பா நெனச்சுக்கிறாதீக.”

மூன்று விநாடி மௌனம். பின்னால் நாதசுர ஓசை. அது பாண்டீஸ்வரனின் மடிக்கணினியிலிருந்து வந்தது.

“அடிச்சுக் கேளுங்க. அப்படியே பெரியக்காகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க, ஒங்க மருமகன எனக்கு நம்ப முடியலன்னு. பக்கத்துலதான் இருக்காக. போனக் குடுக்கவா?”

“வேணாம்ய்யா, வேணாம். நம்பரச் சொல்லுங்க.”

சத்தியப்பிரியா அந்த மூன்று விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏழு மாதமாகச் சுவரில் எழுதி வைத்திருந்தது சரிதான். இந்த ஊழியர் செய்ய வேண்டியதைச் செய்ய முயன்றிருக்கிறார். ஒரு பயம் அவரைத் தடுத்திருக்கிறது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வாசல் அடைபட்டுவிடும். இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மதியம் சாப்பிடும்போது யோகலட்சுமி எதிரில்தான் உட்கார்ந்தார். சத்தியப்பிரியா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். யோகலட்சுமிக்கு நாற்பத்தொரு வயது. கணவனை விட்டு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. செக்காலையில் ஒற்றை அறை வாடகை வீடு. மகள் அக்ஷரா பிளஸ் ஒன். சத்தியப்பிரியா சோதனையைப் பற்றிச் சொன்னதும் கையில் எடுத்த சோற்றை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“அப்ப அது செம்மலை இல்லையா?”

“இல்லக்கா. நாங்க ஏற்பாடு பண்ணுன ஆளு.”

“கோயில் சத்தமெல்லாம் கேட்டுச்சே மேடம்.”

“அதுவும் அவருதான்.”

யோகலட்சுமி தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “வேல போயிருமா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“ஒண்ணும் ஆகாது. உங்க பேரு எங்கயும் வராது.”

“போச்சுன்னா கண்டரமாணிக்கத்துக்கு அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். சோறு போட மாட்டாகன்னு இல்ல. மருதுபாண்டி அண்ணன் நல்லவுகதான். ஆனா அவுக பொண்ணுக ரெண்டையும் பத்தோட நிப்பாட்டிட்டாக. ஏம் மகள மட்டும் காலேசுக்கு அனுப்புங்கன்னு அந்த வீட்ல உக்காந்துக்கிட்டு எந்த மொகத்தோட கேப்பேன்?”

“அக்கா, நான் இருக்கேன்ல. நான் பாத்துக்கிறேன்.”

“ஏம் மக படிச்சிரும் மேடம். நல்லாப் படிக்கிறா” என்றார் யோகலட்சுமி.

பிப்ரவரி 21 அன்று அறிக்கையை விளக்கச் சத்தியப்பிரியாவும் பாண்டீஸ்வரனும் மாடி அறைக்குப் போனார்கள். அழகுராஜாவும் நாச்சியாரும் இருந்தார்கள். அறிக்கையில் பெயர் இல்லை. ‘உதவி மேசை’ என்று மட்டும் இருந்தது. அழைப்பின் எழுத்து வடிவத்தை நாச்சியார் இரண்டு பக்கம் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுத்துல என்ன தெரியுது? ஒலி இருக்குல்ல, அதப் போடு.”

“பெரியக்கா, பேரு சொல்றதில்லன்னு சார்கிட்ட முன்னாடியே பேசியிருக்கேன்.”

“பேர நான் கேக்கலயேத்தா. சத்தத்தத்தான கேக்குறேன்.”

சத்தியப்பிரியா அழகுராஜாவைப் பார்த்தார். அவர் பாண்டீஸ்வரனைப் பார்த்து, “போடுங்க தம்பி, ஒங்க நடிப்ப நாங்களும் பாக்குறோம்” என்றார். ஒலிக்கோப்பு பாண்டீஸ்வரனின் கணினியில் இருந்தது. அவர் அதைப் போட்டார். தன் வேலையின் நேர்த்தியைக் காட்டும் வாய்ப்பை அவர் அதற்கு முன்பும் எங்கும் விட்டதில்லை.

‘வணக்கம், கம்ப்யூட்டர் செக்சன்’ என்ற முதல் வார்த்தைகளிலேயே ஆள் யாரென்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

“அந்தக் கண்டரமாணிக்கத்துக்காரியா” என்றார் நாச்சியார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “ஏப்பா, செம்மலை கூட இம்புட்டுச் சரளமாப் பேச மாட்டான். அவன் பேசுனா நாலு வார்த்தைக்கு மூணு தடவ இருமுவான்.”

“நாதசுரம் எங்குட்டுப் புடிச்சீக?” என்று அழகுராஜா கேட்டார்.

“யூடியூப் சார்.”

இரண்டாவது முறை போடச் சொன்னார்கள். மூன்றாவது முறை போட்டபோது யோகலட்சுமியைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள். அவர் கதவருகே நின்று, தன் குரல் ‘வேணாம்ய்யா, வேணாம்’ என்று சொல்வதைக் கேட்டார்.

“இங்குட்டு வா” என்றார் நாச்சியார். “எந் தம்பியோட சாவிய எவனோ ஒருத்தன் கையில குடுத்துருக்க. எங்க வீட்டுப் புள்ள காதுகுத்த வச்சே குடுத்துருக்க. அந்தக் காதுகுத்துக்கு ஒனக்குப் பத்திரிக வச்சோமா?”

“இல்லீங்க பெரியக்கா.”

“வைக்காதவளுக்கு எம் மருமகன் எதுக்குப் போன் பண்றான்? அத ரோசிக்க வேணாமா?”

சத்தியப்பிரியா குறுக்கிட்டார். யோகலட்சுமி திருப்பி அழைக்க முயன்றதை, நிமிடம், விநாடி சொல்லிச் சுட்டிக்காட்டினார். வேறு யார் அந்த மேசையில் இருந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்றார். முத்துவீரனைப் பற்றியும் சொன்னார். அந்தப் பெயரை அந்த அறையில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அழகுராஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாச்சியார், “சரி, இப்ப என்ன செய்யணும்ங்கிற?” என்று கேட்டார்.

சத்தியப்பிரியா ஒரு பக்கத் தாளைக் கொடுத்தார். மூன்று விதிகள். யார் அழைத்தாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். ஓடிபி எண்ணை நேரில் வந்தால் மட்டுமே மாற்றித் தர வேண்டும். இப்படித் திருப்பிக் கேட்டதற்காக எந்த ஊழியர் மீதும், கேட்கப்பட்டவர் யாராக இருந்தாலும், நடவடிக்கை எடுக்கக் கூடாது.

“கையெழுத்துப் போடுறேன். ஆனா சனிக்கெழம கூட்டத்துல இந்தப் பதிவ எல்லாருக்கும் போட்டுக் காட்டணும். பயிற்சியா இருக்கட்டும்” என்றார் அழகுராஜா.

“சார், அது வேண்டாம். அவங்க மூணாவது மனுஷங்க முன்னாடி...”

“பயிற்சி வேணும்னு நீங்கதான எழுதிருக்கீக, எட்டாம் பக்கத்துல? விதி வேணுமா, வேணாமா?”

யோகலட்சுமி இன்னும் கதவருகேதான் நின்றுகொண்டிருந்தார். அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்ப்பதுபோல் சத்தியப்பிரியா எட்டாம் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, “சரி சார்” என்றார்.

பிப்ரவரி 24 சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிட்டங்கியில், குளிர்பதனப் பெட்டிகளுக்கு நடுவே, 140 பேரும் நின்றார்கள். ஒலிபெருக்கியைக் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிறவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பதிவைப் போட்டார்கள். ‘எந்தச் செம்மலைங்க?’ என்ற இடத்தில் சுமை ஏற்றுகிறவர்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. ‘போனக் குடுக்கவா?’ என்ற இடத்தில் கிட்டங்கி முழுதும் சிரித்தது. யோகலட்சுமி முதல் வரிசையில் நிற்க வைக்கப்பட்டிருந்தார். பலர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

திங்கட்கிழமைக்குள் அது ஊரில் பாதிப் பேரின் வாட்ஸ்அப்புக்குப் போயிருந்தது. மருந்துக்கடைகளிலிருந்து ஆர்டர் சொல்ல அழைத்தவர்கள், “யோகாக்கா, நாந்தான் செம்மலை, நாலு பெட்டி பாராசிட்டமால் போடுங்க” என்றார்கள். பள்ளி வேனில் ஒரு பையன் அக்ஷராவைப் பார்த்து, “போனக் குடுக்கவா?” என்று கேட்டான். அவள் அன்று வீட்டுக்கு வந்து அம்மாவுடன் பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. யோகலட்சுமி இதைச் சத்தியப்பிரியாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மதியச் சாப்பாட்டை மட்டும் அதற்குப் பிறகு தன் மேசையிலேயே வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

மார்ச் 1 அன்று விதிகள் கையெழுத்தாகி வந்தன. மூன்றாவது விதி நீல மையால் அடித்து நீக்கப்பட்டிருந்தது. முதல் இரண்டு விதிகளின் கீழே நாச்சியாரின் கையெழுத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: இயக்குநர்கள், அவர்கள் குடும்பத்தார் ஏழு பேர் நீங்கலாக.

சத்தியப்பிரியா அந்தத் தாளை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர நினைக்கிறவன் இந்த ஏழு பேரில் ஒருவராகத்தான் வருவான். வேறு யாராகவும் வர அவனுக்குக் காரணமே கிடையாது. சுவரில் இருந்த முப்பத்தேழில் பாதிக்கு மேல் அதைத்தான் சொல்லின. மாடிக்குப் போய் இரண்டு முறை பேசிப் பார்த்தார். “வீட்டாளுகளக் கேக்குறதுக்கு எதுக்கும்மா விதி?” என்று அழகுராஜா முடித்துவிட்டார்.

எனவே அவர் வேறொன்று செய்தார். யோகலட்சுமி உட்பட உதவி மேசையில் இருந்த இருவருக்கும் பயிற்சி கொடுத்தபோது விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டார். யார் அழைத்தாலும், யாராக இருந்தாலும், திருப்பி அழையுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். கையெழுத்தான தாளின் நகலை முறைக்காக மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார். பதினான்கு பக்க இணைப்பில் அது ஒன்பதாம் பக்கம். அதை யாரும் திறக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். திறக்காமல் இருப்பதுதான் நல்லது என்றும் அப்போது அவருக்குத் தோன்றியது.

யோகலட்சுமி விதியை மனப்பாடம் செய்துகொண்டார். மார்ச் மாதம் முழுதும் கிட்டங்கி மேலாளர்கள், விற்பனைப் பிரதிநிதிகள் என எழுபது பேருக்கு மேல் திருப்பி அழைத்தார். புதுக்கோட்டை மேலாளர், “சூடு கண்ட பூனயா நீங்க?” என்று கேட்டபோது, “ஆமா சார், வையுங்க, திருப்பி அடிக்கிறேன்” என்றார். சத்தியப்பிரியா பதிவுகளைப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஏப்ரல் 3, புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மதுரையில் ஒரு நகைக்கடையிலிருந்து நாச்சியார் அழைத்தார். அவருடைய கைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டது. வேறொருவர் கைபேசியில் தன் கணக்கைத் திறக்க வேண்டியிருந்தது.

“நாந்தான்த்தா பேசுறேன். இந்த நம்பருக்கு மாத்தி விடு.”

“வணக்கம் பெரியக்கா. வச்சுருங்க, ஒங்க நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடுறேன்.”

“அந்தப் போன்தான் தண்ணிக்குள்ள விழுந்துருச்சுன்னு சொல்றேன்ல?”

“அப்ப நேர்ல வந்தாத்தான் பெரியக்கா மாத்த முடியும். விதி அப்படி.”

“நான் யாருன்னு தெரியுதா, இல்லையா?”

யோகலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. பிப்ரவரியில் வந்த குரலையும் வீட்டு ஆளின் குரல் என்றுதான் நம்பியிருந்தார். “கொரல வச்சு நம்பக் கூடாதுன்னு சொல்லிருக்காக” என்றார்.

கடையில் நாச்சியாரைச் சுற்றி உறவுக்காரப் பெண்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 5 அன்று மாடி அறையில் விசாரணை நடந்தது. அழகுராஜா விதித் தாளை மேசைமேல் வைத்தார். விதிவிலக்கு வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது. யோகலட்சுமி அந்த வரியைக் குனிந்து படித்தார். முதல் முறையாகப் படிக்கிறார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

“இதுல தெளிவாப் போட்டுருக்கு” என்றார் நாச்சியார். “வேணும்னே பண்ணிருக்கா. சனிக்கெழம நிக்க வச்சதுக்குப் பழி. அத்தன பொம்பளைக முன்னாடி என்னயப் பாத்து நீ யாருன்னு கேட்டுட்டா.”

“அப்படிக் கேக்கலீங்க பெரியக்கா. மேடம் சொல்லிக்குடுத்ததத்தான் செஞ்சேன்.”

அழகுராஜா சத்தியப்பிரியாவிடம் திரும்பினார். “இந்த ஏழு பேரு விசயத்த நீங்க இவுகளுக்குச் சொல்லிக்குடுத்தீகளா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் இருந்தது. ஒன்றைச் சொன்னால் யோகலட்சுமியின் வேலை போகும். மற்றதைச் சொன்னால் தன் வேலை போகும். இயக்குநர்கள் கையெழுத்திட்ட விதியை மறைத்த குற்றமும் சேரும். சத்தியப்பிரியாவுக்கு அரியக்குடியில் வீட்டுக்கடன் இருந்தது. அதைவிட, இந்தப் பாதுகாப்புச் சுவரை எழுப்ப இங்கே வேறு யாரும் இல்லை என்ற எண்ணம் இருந்தது. தான் போய்விட்டால் எல்லாம் பழையபடி பெட்டியோடு நின்றுவிடும் என்று அவர் நம்பினார்.

“மின்னஞ்சல்ல அனுப்பியிருந்தேன் சார்” என்றார். “மார்ச் நாலாம் தேதி.”

அது உண்மை. தேதியும் சரி.

“அனுப்புனாக, நீ படிக்கல” என்றார் நாச்சியார்.

யோகலட்சுமி சத்தியப்பிரியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “யாரா இருந்தாலும்னு சொன்னீகளே மேடம்” என்றார். குரல் உயரவில்லை. “நான் ரெண்டு தடவ கேட்டேன். மொதலாளி வீட்டுக்குமான்னு கேட்டேன். ஆமாக்கா, அவங்களுக்குத்தான் முக்கியமான்னு சொன்னீக.”

சத்தியப்பிரியா மேசைமேல் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகுராஜா சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, மணியை அடித்து மனிதவளப் பிரிவு ஆளைக் கூப்பிட்டார்.

அன்று மாலை யோகலட்சுமி கணக்கு முடித்து அனுப்பப்பட்டார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது சத்தியப்பிரியாவின் அறையைக் கடந்துதான் போக வேண்டும். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருந்தார்.

அடுத்த ஐந்து வாரங்களில் யோகலட்சுமி நான்கு இடங்களில் வேலை கேட்டார். தேவகோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்புப் பணிக்கு நேர்காணல் வரை போனார். மேலாளர் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே, “கொரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேம்மா” என்றார். பக்கத்தில் இருந்தவர் கைபேசியை எடுத்துத் தேடி அவரிடம் காட்டினார். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். மற்ற மூன்று இடங்களிலும் பழைய நிறுவனத்தில் விசாரித்துவிட்டு அழைப்பதாகச் சொன்னார்கள். அழைக்கவில்லை.

உதவி மேசைக்கு நாச்சியாரின் கணவர் வழி உறவினர் சரவணகுமார் வந்தார். மதுரையில் கணினிப் பட்டம் படித்தவர். வந்த அன்றே அவருக்கு ஒன்பதாம் பக்கம் படித்துக் காட்டப்பட்டது.

மே 6, திங்கட்கிழமை காலை 9.52 மணிக்கு ஒரு பெண் அழைத்தாள். நாச்சியாரின் மகள் செந்தாமரை என்று சொன்னாள். செந்தாமரை அந்த ஏழு பேரில் ஒருவர். மாமாவுக்கு மருந்து லைசென்ஸ் விஷயமாக ஒரு கோப்பு அவசரமாக வேண்டும் என்றாள். பின்னால் நாதசுரம் கேட்டது. சரவணகுமார், “சொல்லுங்க மதினி” என்று எண்ணைக் குறித்துக்கொண்டார். அழைப்பு ஐம்பத்திரண்டு விநாடிதான். அழைத்தவர்கள் அந்தக் கிட்டங்கிப் பதிவைக் கேட்டிருந்தார்களா என்பது பின்னர் நடந்த விசாரணையில் உறுதியாகவில்லை. சொற்கள் மட்டும் ஏறக்குறைய அவையேதான்.

அவர்கள் மூன்று நாள் சும்மா இருந்தார்கள். நான்காம் நாள் மூன்று கிட்டங்கிகளின் கணினிகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. ஒன்பது நாள் எந்தக் கடைக்கும் பில் போட முடியவில்லை. குளிர் அறைகளின் வெப்பநிலைப் பதிவும் அதே இணைப்பில் இருந்து நின்றுபோனதால், சரியான குளிரில் இருந்ததற்குச் சான்று இல்லாமல், ராமநாதபுரத்தில் இருந்த இன்சுலின் முழுவதையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

சத்தியப்பிரியா இருபத்திரண்டு பக்க அறிக்கை எழுதினார். உள்ளே வந்தவன் எங்கே கால் வைத்தான், எத்தனை நாள் காத்திருந்தான், எதைத் தொட்டான், எல்லாம் நேரம் தவறாமல் அதில் இருந்தது. சரவணகுமார் எந்த விதியையும் மீறவில்லை என்பதும் அதில் இருந்தது. அவர் மீது நடவடிக்கை இல்லை. விதிவிலக்கை நீக்கலாம் என்ற பரிந்துரையின் ஓரத்தில் அழகுராஜா ‘பிறகு பேசலாம்’ என்று எழுதினார். சத்தியப்பிரியாவின் பிரிவுக்குப் புதிதாக இரண்டு பேரும், கூடுதலாக ஒரு ஃபயர்வால் பெட்டியும் ஒதுக்கப்பட்டன.

மே 27 அன்று யோகலட்சுமி செக்காலை வீட்டைக் காலி செய்தார். அண்ணன் மருதுபாண்டி கண்டரமாணிக்கத்திலிருந்து சரக்கு ஆட்டோ ஒன்றை அனுப்பியிருந்தார். அக்ஷராவின் பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் பள்ளியில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அவள் 600-க்கு 548 வாங்கியிருந்தாள். ஜூன் 10 அன்று பள்ளிகள் திறந்தன. அந்த மாற்றுச் சான்றிதழ் வேறு எந்தப் பள்ளியிலும் கொடுக்கப்படவில்லை.